மின்சாரக் கார் வாங்கலாமா?

(நுகேகொடையில் எமது சங்க அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மின்சாரக் காரைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டபொழுது நாம் தயங்கினோம். பொறியியல் கற்றவர் பலர் இச்சபையிலே இருக்கின்றனர். அவர்கள் முன் நாம் எதனைச் சொல்வது? "நீங்கள் வாங்கிப் பட்டவர்கள். பட்டதைச் சொன்னாற் போதும்" என்றார் அவர். ஆகவே பட்டதையும், பட்டபின் தேடிப் படித்ததையும் சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் 2022ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். ஹைலெவல் வீதியிலே பெற்றோல் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று தெரியாத நாட்கள் அவை. காருக்குள் உறங்கினோம், முன்னால் நின்றவரின் பிள்ளைகளின் பெயரெல்லாம் எமக்குப் பாடமாயிற்று. நாட்டில் வரிசையில் நின்றவாறே உயிர் துறந்தோரும் உளர். பின்னர் கியூ. ஆர். அட்டை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அப்பொழுது எம்மிற் பலர், "மின்சாரக் கார் ஒன்று இருந்திருந்தால்!" என்று பெருமூச்செறிந்தோம்.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. மின்சாரக் கார் வைத்திருந்தவரும் அன்று சிரிக்கவில்லை. பெற்றோல் வாங்கவும் டொலர் இல்லை. மின்நிலையத்துக்கு எண்ணெய் வாங்கவும் டொலர் இல்லை. கார் எதனால் ஓடுகின்றது என்று கேட்பதோடு, அந்த மின்சாரம் எங்கிருந்து, எந்த நேரத்தில் வருகின்றது என்றும் நாம் கேட்க வேண்டும். அது பிடிபட்டாற் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மின்சார வண்டி கொழும்புக்குப் புதிதன்று. கடந்த நூற்றாண்டு பிறந்தபொழுதே இந்நகரில் மின்சார ட்றாம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், இன்னொன்று பொறளைக்கும் சென்றது. கொட்டாஞ்சேனையிலுள்ள முதியோர் சிலர் அவற்றின் மணியோசையை இன்றும் சொல்லக் கேட்கலாம். 1944இல் மாநகரசபை அவற்றைப் பொறுப்பேற்றது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960இல் ட்றாமும், 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றுபோயின. இவ்விரண்டுக்கும் ஒரு சிறப்பு உண்டு. தலைக்கு மேலே சென்ற கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்தமையால், அவை ஓடுவதற்காகப் பற்றரியைச் சுமக்கவேண்டியிருக்கவில்லை. ஆனாற் கம்பி இல்லாத தெருவுக்கு அவை போகமாட்டா.

கம்பியை விட்டுத் தன்னிச்சையாய் ஓட வேண்டுமெனில் மின்சாரத்தை மடியிற் கட்டிக்கொண்டு போதல் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று மின்சார வண்டியே. அவை பின்னர் ஏன் மறைந்தன? ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழப் பன்னிரண்டு அலகு சக்தி அடங்கியுள்ளது. எமது மின்கட்டணச் சீட்டிற் காணும் அதே அலகைத்தான் சொல்லுகின்றோம். ஈயப் பற்றரியிலோ ஓரலகு மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முப்பது கிலோ பாரம் வேண்டும். பெற்றோல் இயந்திரம் தான் குடிப்பதில் முக்காற்பங்கை வெப்பமாக வீணாக்கும். மின்னோடி பெரும்பகுதியை ஓட்டமாக்கும். அப்படியிருந்தும் பாரம் பாரமே. இதற்கிடையிற் பெற்றோற் காரைக் கைபிடி சுற்றி முடுக்கும் கஷ்டத்தையும் 1912ஆம் ஆண்டு வந்த மின்முடுக்கி தீர்த்துவைத்தது. மின்சாரமே துணைநின்று மின்சாரக் காரை வென்றது எனலாம்.

இந்தக் கணக்கை மாற்றியது இலிதியம்-அயன் பற்றரி. 1991இல் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இன்று ஏறத்தாழ ஏழு கிலோ பாரத்தில் ஓரலகு மின்சாரத்தை அது கொள்ளுகின்றது. விலையும் அவ்வாறே விழுந்தது. 2010ஆம் ஆண்டில் ஓரலகு கொள்ளும் பற்றரி ஆயிரம் டொலருக்கு மேல். 2024இல் உலகச் சராசரி 115 டொலர். அவ்வாண்டில் உலகெங்கும் 170 இலட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்கள் விற்பனையாயின. பெற்றோல் இயந்திரமும் மின்னேற்றும் பற்றரியும் சேர்ந்த கலப்புக் கார்களும் இத்தொகையில் அடங்கும். புதிதாக விற்ற ஐந்து கார்களில் ஒன்றுக்கு மேல் இவ்வினமே. ஆதலின் மின்சாரக் கார் வருமா, வராதா என்ற வாதம் முடிந்துவிட்டது. எந்தப் பற்றரியோடு வருகின்றது என்பதே இனிக் கேட்கவேண்டியது.

இப்பற்றரிகளிற் பெரும்பாலும் இரண்டு குலங்கள் உள. ஒன்றில் நிக்கலும் கோபாற்றும் சேரும். மற்றையதில் இரும்பும் பொசுபேற்றும் சேரும். நிக்கற் குலம் பாரத்தில் இலேசு. ஒரே பாரத்துக்குக் கூடிய தூரம் ஓடும். ஆனால் விலை கூடியது. மிகச் சூடேறினால் இரும்புக் குலத்திலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்கு வேண்டிய கோபாற்றில் மிகப் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்குள்ள சிறு சுரங்கங்களிற் குழந்தைகளும் வேலை செய்கின்றனர் என்பது உலகறிந்த செய்தி. இரும்புக் குலத்துக்கு நிக்கலும் வேண்டாம், கோபாற்றும் வேண்டாம். அது மலிவு, சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் மெல்லவே தேயும். அதன் குறை பாரம். அதே அளவு மின்சாரத்துக்கு ஐந்திலொன்று முதல் மூன்றிலொன்று வரை கூடிய பாரத்தைச் சுமக்கவேண்டும். கடுங்குளிரிலும் அது சோர்ந்துபோகும். ஆனாற் பனி பெய்யும் நாடு பட வேண்டிய கவலை நுகேகொடைக்கு எதற்கு?

இந்த இரும்புப் பற்றரியின் வரலாற்றிலே எம்மவர் பெயரும் உண்டு என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமரபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ. ஐ. டி.யிலும் கற்றவர் ஆறுமுகம் மந்திரம் அவர்கள். பேராசிரியர் ஜோன் குடினஃபுடன் அவர் செய்த ஆராய்ச்சி, 1980களின் இறுதியில் இரும்புச் சேர்மங்களின்பால் வழிகாட்டியது. 1997இல் குடினஃபும், பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இந்திய ஆய்வாளரும் இரும்புப் பொசுபேற்றைப் பற்றரிக்கு ஆக்கிக் காட்டினர். 2019இல் குடினஃபுக்கு நோபெற் பரிசு கிடைத்தபொழுது அவருக்கு வயது தொண்ணூற்றேழு. பரிசு பெற்றவர் ஆற்றவேண்டிய உரையை அவர் சார்பில் ஸ்ரொக்ஹோமிலே நிகழ்த்தியவர் மந்திரம் அவர்களே. 2024ஆம் ஆண்டில் உலகிற் கார்களுக்கு இட்ட பற்றரிகளில் ஏறத்தாழப் பாதி இந்த இரும்புக் குலத்தைச் சேர்ந்தவை.

இனி, நாம் பட்ட கதைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டில் நாம் ஏற்கெனவே ஓடிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினோம். நிறம் பார்த்தோம், இருக்கை பார்த்தோம், ஓடிய தூரத்தைப் பார்த்தோம். பற்றரியில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதை மட்டும் பார்க்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து நீர்கொழும்பில் ஒரு கலியாணம். போகும்பொழுது எல்லாம் சுகமே. திரும்பும் வழியில் வத்தளை தாண்டுமுன் கார் எச்சரிக்கை விளக்கைக் காட்டத் தொடங்கியது. குளிரூட்டியை நிறுத்தினோம். பட்டுச் சேலையுடன் இருந்த பெண்களெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு விசிறிக்கொண்டு வந்தனர். "பஸ்ஸிலே வந்திருந்தால் இவ்வளவு வேர்த்திராது" என்றார் எமது மாமியார். அதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை. எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். கேட்கவேண்டியதைக் கேளாது வாங்கிய குற்றம் எம்முடையது.

அதன்பின்னரே வெப்பத்துக்கும் பற்றரிக்கும் உள்ள பகையைப் படித்தோம். 2010 இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த நிஸான் லீஃப் காரின் முதற் பற்றரி 24 அலகு கொள்வது. அமெரிக்க அரசின் சோதனைப்படி முழு ஏற்றத்தில் 117 கிலோமீற்றர் ஓடியது. அப்பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஓட்டம் எதுவும் வைக்கப்படவில்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலை நிலத்தவர் கொள்ளளவு விரைவிற் குறைந்ததென்று முறையிட்டனர். பின்னர் வெப்பத்தை நன்கு தாங்கும் பற்றரியை அக்கொம்பனி இட்டது. 2015ஆம் ஆண்டளவில், வரி குறைந்திருந்த வேளையில், இலங்கைக்கு வந்த மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவை இவ்வினமே. எமது நாடு அரிசோனா அன்று. ஆயினும் வருடம் முழுவதும் வெயில் உண்டு. ஆதலின் வாங்குவோர் முதலில் இரண்டு கேட்க வேண்டும்: பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டா? பழையதாயின், இன்று அதில் நூற்றுக்கு எத்தனை மிஞ்சியிருக்கின்றது? இரண்டாவதற்கு விடையை வாய்ச்சொல்லாக ஏற்காது, கருவி வைத்துப் பார்த்த கணக்காகப் பெறுக.

எமது ஆட்கள் மின்சாரக் காரைக் கண்டவுடன் கேட்கும் கேள்வி வேறொன்று. "தம்பி, யாழ்ப்பாணம் ஒரே ஓட்டத்திலே போகுமோ?" என்பதே அது. நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். ஓரலகுக்கு ஆறு கிலோமீற்றர் என்று வைத்தால், 60 அலகுப் பற்றரியும் அங்கு சென்று சேருமுன் களைத்துவிடும். ஒரே ஓட்டத்திற் போக இன்னும் பெரிது வேண்டும். ஆனால் நாம் யாழ்ப்பாணம் போவது ஆண்டில் எத்தனை தடவை? நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று. கலியாணம், காரியம் என்று இன்னும் ஒன்றிரண்டு. மீதி முந்நூற்றைம்பது நாளும் நாம் போவது நுகேகொடையிலிருந்து கோட்டைக்கும், வெள்ளவத்தைக்கும், பிள்ளைகளின் பாடசாலைக்கும். நாளுக்கு நாற்பது கிலோமீற்றர் என்றாலும் ஏழு அலகு போதும்.

60 அலகுப் பற்றரி நானூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம். 40 அலகு போதுமானவர் 60 அலகு வாங்கினால், 2024ஆம் ஆண்டுச் சராசரிப்படி 2,300 டொலர் கூடுதல். வரியும் கப்பற்கூலியும் அதற்கு மேல். இரண்டொரு பயணத்துக்காக ஆண்டு முழுவதும் நூற்றைம்பது கிலோ வீண்பாரத்தைப் பம்பலப்பிட்டிக்கும் பொறளைக்கும் சுமந்து திரிகின்றோம். கலியாண வீட்டுக் கிடாரத்தில் நாளாந்தம் ஒரு சுண்டு அரிசி காய்ச்சுவார் உண்டோ? யாழ்ப்பாணத்துக்கு வழியில் இரண்டிடத்தில் நின்று மின்னேற்றலாம். தேநீர் குடிக்கும் நேரம் சற்று நீளும். அன்றேல் ரயிலும் இரவுப் பஸ்ஸும் இருக்கின்றன. தொழிலின் பொருட்டு வாராவாரம் தூரம் போகின்றவரின் கணக்கு வேறு; அவருக்குப் பெரிய பற்றரி வீணன்று. தத்தம் ஓட்டத்தை அளந்து வாங்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இனி, எந்த நேரம் மின்னேற்றுவது என்பதைக் கூறுவோம். இதனை எவரும் எண்ணுவதில்லை. ஆனால் நாட்டின் நன்மை பெரிதும் இதிலேதான் தங்கியுள்ளது. மாலை ஆறரை முதல் பத்தரை வரை வீடுகளில் விளக்கும், சமையலும், தொலைக்காட்சியும் ஒன்றாய் எழும். அவ்வேளையில் வேண்டிய மேலதிக மின்சாரத்துக்கு எண்ணெய் எரிக்க நேரிடும். வேலையால் வந்ததும் வராததுமாய்க் காரைக் கம்பியிற் செருகினால், நாம் விட்ட பெற்றோலை மின்நிலையம் வேறு உருவிற் குடிக்கின்றது. நள்ளிரவுக்குப் பின் ஏற்றினாற் சுமை குறைவு. ஆயினும் அந்நேரத்து மின்சாரத்திற் கணிசமான பங்கு நுரைச்சோலை நிலக்கரியால் வருவது. அங்கு தலா 300 மெகாவாற்றுக் கொண்ட மூன்று இயந்திரங்கள் உள. அதன் தூசியையும் சாம்பலையும் பற்றி அப்பகுதி மக்கள் பல காலமாக முறையிட்டு வருகின்றனர். கொழும்பிலே புகை குறைந்தது என்று நாம் மகிழும்பொழுது அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

நண்பகலோ வேறு கதை. வீட்டுக் கூரைகளில் நாம் ஏற்றிய சூரிய மின்தகடுகள் நாடெங்கும் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டன. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று பட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். விடுமுறை நாளிலே பாவனை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்திருந்தபடியால், சிறு அதிர்ச்சியையும் மின்வலை தாங்கமாட்டாதிருந்தது என்பதே சிந்திக்கவேண்டியது. இரண்டு மாதத்தின்பின், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்பிரல் 13 முதல் 21 வரை பகலிற் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. டொலர் கொடுக்காது கிடைக்கும் வெயிலைக் கொள்ள இடமின்றி மூடிவைத்தோம். மாலையில் டொலர் கொடுத்து எண்ணெய் எரித்தோம்.

இந்த இரண்டு குறையையும் ஒருங்கே தீர்க்கவல்லது நண்பகலில் மின்னேற்றும் கார். பத்தாயிரம் கார்கள் நண்பகலில் தலா ஏழு அலகு ஏற்றினால் எழுபதாயிரம் அலகு வெயில் வீணாகாது. ஆனால் நண்பகலில் எமது கார் வீட்டில் இல்லையே! அது கோட்டையில் அலுவலக முற்றத்திலும், பாடசாலை வாசலிலும், பல்கலைக்கழக வளவிலும் நிற்கின்றது. ஆகவே மின்னேற்றும் இடம் வேண்டியது அங்கேயே. இது தனி ஒருவர் செய்யக்கூடியதன்று, நிறுவனங்கள் செய்யவேண்டியது, கேட்கவேண்டியவர் நாம்.

இன்னொரு நியாயமும் இதிலே உண்டு. நுகேகொடையிற் சொந்த வளவும் கூரையும் உள்ளவருக்கு மின்சாரக் கார் எளிது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஏழாம் மாடியில் இருப்பவருக்குக் கூரை ஏது? கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு மின்சாரம் எடுப்பதென்றால், யாருடைய மானியில் என்று நிர்வாகசபைக் கூட்டத்தில் மாதக்கணக்கில் வாதிடவேண்டும். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருப்பவருக்கோ கார் நிறுத்தவே இடமில்லை. வேலைத்தலத்திலும் பொது இடத்திலும் மின்னேற்ற வசதி வாராதாயின், மின்சாரக் கார் வளவு உள்ளவரின் வாகனமாகவே நின்றுவிடும். காரே வாங்க முடியாதவரையும் மறத்தலாகாது. 138ஆம் இலக்கப் பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு போகும் பெருந்தொகையானவருக்கு முதலில் வேண்டியது மின்சாரப் பஸ். நாள் முழுவதும் ஓடும் பஸ்ஸில் இட்ட பற்றரி ஒவ்வொரு கிலோவும் உழைக்கும். நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மா நிற்கும் காரில் அது உறங்கும்.

இவையெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு என்று சிலர் கூறலாம். நேபாளத்தைப் பாருங்கள். 2015இல் எல்லை அடைபட்டு எரிபொருளின்றி அந்நாடு தவித்தது. அதனிடம் எண்ணெய் இல்லை, ஆறுகள் உண்டு. நீர்மின்சாரத்தைப் பெருக்கி, மின்சாரக் காருக்கு வரியைக் குறைத்தது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களிற் பத்துக்கு ஏழளவில் மின்சாரக் கார்களே. எமது நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் திறந்தது. ஒரு காரை வாங்கினாற் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டுவோம். ஆகவே இப்பொழுது செய்யும் தெரிவு 2040ஆம் ஆண்டுவரை எம்மோடு வரும்.

இறுதியாக, தேய்ந்த பற்றரி என்ன ஆகும்? காருக்குப் போதாதென்று கழிக்கும் பற்றரியிலும் பெரும்பாலும் எழுபது பங்கு கொள்ளளவு இருக்கும். அதனை வீட்டிலோ கடையிலோ வைத்துப் பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கலாம். அதுவும் முடிந்தபின் உலோகங்களைப் பிரித்தெடுக்க முறையான ஆலை வேண்டும். வீட்டுக் கோடியில் உடைக்கும் பண்டமன்று அது. விற்பவர் மீள ஏற்பாரா என்பதை வாங்கும்பொழுதே எழுத்திற் கேட்டுப் பெறுதல் நலம். இலிதியம்-அயன் பற்றரியின் ஒரு முனைக்குப் பெரும்பாலும் காரீயமே, அதாவது பென்சிலுக்கு இடும் கரியே, பயன்படுகின்றது. போகலையிலும் கஹடகஹவிலும் பூமிக்கடியில் உலகின் மிகத் தூய காரீயம் எமக்கு உண்டு. அதனைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி வந்திருக்கின்றோம். அதனைப் பற்றரிக்கு ஆகும்படி பதப்படுத்தும் வித்தையை எமது இளைஞர் ஏன் கற்றலாகாது? இரசாயனம் கற்கும் மாணவர் சிலராவது இதனை மனத்திற் கொள்வார்களாக.

சபையோரே, திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒரு காரியத்தில் இறங்குமுன் அழிவதையும், ஆவதையும், பின்னர் வரும் பயனையும் எண்ணிப்பார் என்பது அங்கு கூறப்பெறும் அறிவுரை. பற்றரி வாங்குவோருக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டியதில்லை. எல்லா நன்மையும் ஒருங்கே கொண்ட பற்றரி இன்றளவும் இல்லை. தூரம் வேண்டினாற் பாரமும் பணமும் கூடும். இலேசு வேண்டினால் நிக்கலும் கோபாற்றும் வேண்டும். மலிவும் நீண்ட ஆயுளும் வேண்டினால் இரும்பின் பாரத்தைப் பொறுக்க வேண்டும். வெப்ப நாட்டில், குறுகிய ஓட்டம் ஓடும் எமக்கு, அளவான இரும்புப் பற்றரியும் நண்பகல் வெயிலும் பொருந்தும் என்பது எமது துணிபு.

ஆகவே சங்கத்து இளைஞரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதத்துக்குள் அங்கத்தவர் வீடுதோறும் சென்று மூன்று கேள்விகளை எழுதி வாருங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகின்றீர்கள்? நண்பகலில் உங்கள் வாகனம் எங்கே நிற்கின்றது? அவ்விடத்தில் மின்சாரம் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பட்டியல் கையில் இருந்தால், அலுவலகத்திடமும், பாடசாலையிடமும், தொடர்மாடி நிர்வாகத்திடமும் நாம் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. இந்த மண்டப முற்றத்தில் நண்பகலில் மின்னேற்ற ஓரிடம் அமைப்பதற்கு எமது பங்கை இன்றே செயற்குழுவிடம் கொடுக்கின்றோம்.

2022இல் வரிசையில் நின்ற இரவுகளை நாம் மறந்துவிடலாம். பிள்ளைகள் அப்படி நிற்க நேராதபடி செய்தாற் போதும்.